பால்மரமும் பால்மாடும்

மலாயாத் தோட்டப்புறத்தில் ‘பால்’ என்னும் சொல் இரு பொருளில் வழங்கியது. விடியற்கால இருளில் மரத்தைக் கீறி, மங்கில் வடிந்ததை வாளியில் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துக் கூலி பெற்ற பால் ஒன்று. மாலை வெயில் தாழ்ந்தபின் லயத்துக்குப் பின்புறமிருந்த கொட்டிலில் கன்றை அவிழ்த்துவிட்டுக் கறந்த பால் மற்றொன்று. முன்னது எத்தனை இறாத்தல் என்பதைக் கிராணிமார் நாள்தோறும் ஏட்டில் பதிந்தனர். கம்பெனிகளின் ஆண்டறிக்கை வழியாக அக்கணக்கு இலண்டன் மாநகர் வரை சென்றது. பின்னதற்குக் கணக்கெழுதியவர் எவருமிலர். இந்நாட்டுத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோரும் முன்னதன் தடத்திலேயே நடந்தமையால், சஞ்சிக்கூலி முறையும் கங்காணி முறையும் கூலிப் போராட்டங்களும் நூல்களில் இடம்பெற்றன. அதே மக்கள் தம் ஓய்வு நேரத்தை எல்லாம் செலவிட்டு, புதிய தட்பவெப்பத்தில், மருத்துவ உதவி எளிதில் எட்டாத காட்டோரங்களில் ஆவினத்தை நோயின்றிக் காத்துவந்த வரலாறு எழுதப்படாமலே நின்றுவிட்டது.

எனினும் ஒரு சாரார் இதனைக் கவனிக்காமல் இல்லை. அவர்கள் கால்நடை மருத்துவர்கள். மலேசியாவின் மாட்டினங்களை வகைப்படுத்திய அறிவியலார், வடமாநிலங்களின் ‘கெடா-கிளந்தான்’ மாட்டோடு வேறோர் இனத்தையும் தனியே குறித்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘உள்நாட்டு இந்தியக் கறவை மாடு’ என்பதாகும். இந்தியாவின் இன்ன இனம் என்று அதனைச் சுட்ட இயலாது. குடியேறிய இந்தியர் கொண்டுவந்த பல இனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கலந்து, இம்மண்ணின் வெக்கைக்கும் மழைக்கும் உண்ணிக்கும் ஈடுகொடுத்து நின்றவையே இவ்வினமாகத் திரண்டன. நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் பால், சிற்றுடல், அதற்கேற்ற சிறு தீனி. திட்டமிட்டு எந்த அரசுப் பண்ணையும் உருவாக்காத இவ்வினத்தை உருவாக்கியவர்கள் பெயரற்ற பால்வெட்டுத் தொழிலாளர்களும் பால்காரர்களும் ஆவர். ஓர் இனம் நிலைபெறுவதற்கு நோயிலிருந்து தப்பிய கன்றுகள் ஆண்டுதோறும் வேண்டும். ஆகவே அப்பெயரே ஒரு நற்சான்றிதழ் எனலாம்.

மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்னும் பொருளைத் தந்த மொழி நம்முடையது. ஆநிரை கவர்தலும் மீட்டலும் பாடுபொருளானதும், ஆநிரை காத்து வீழ்ந்தோர்க்கு நடுகல் நட்டதும் தமிழாசிரியர் யாவரும் அறிந்தவை; அவற்றை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. அந்த மரபின் மறுபக்கமாகிய மாட்டு வைத்தியம் அவ்வளவாகக் கற்பிக்கப்படுவதில்லை. ‘மாட்டு வாகடம்’ என்ற பெயரில் ஏடுகள் எழுதப்பட்டு வழிவழியாகப் படியெடுக்கப்பட்டு வந்தன. ஏடறியாத சிற்றூர் மக்களிடமும் நோய்ப் பெயர்களாகிய ஓர் அறிவுச் சேமிப்பு இருந்தது. வாயிலும் குளம்பிலும் புண் கண்டால் கோமாரி. தொடையோ தோளோ வீங்கி, அழுத்தினால் நறநறவென்று ஒலித்தால் சப்பை. கழுத்து வீங்கி மூச்சு முட்டினால் தொண்டை அடைப்பான். முன்னறிகுறி ஏதுமின்றி மாடு வீழ்ந்து, வாய் மூக்கு வழியே கருங்குருதி கசிந்தால் அடைப்பான். இப்பெயர்கள் ஒவ்வொன்றும் நோயின் குறியைத் தன்னுள் பொதிந்து வைத்திருப்பது கருதத்தக்கது. பின்னாளில் நுண்ணோக்காடி வேறு வேறு கிருமிகள் எனப் பிரித்துக் காட்டிய நோய்களைக் கண்ணாலும் கையாலும் மட்டுமே பிரித்து வைத்திருந்தனர் அம்மக்கள்.

இவை எல்லாவற்றினும் கொடியது வெக்கை நோய். கடுங்காய்ச்சல், வாய்ப்புண், அடங்காக் கழிச்சல், ஓரிரு வாரத்துள் சாவு என்று அது நடந்த ஊர்களில் கொட்டில்கள் வெறிச்சோடின. ஆங்கிலேய அரசு அமைத்த இந்திய மாட்டுக் கொள்ளைநோய் ஆணையம் 1871-ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. 1890-களில் அதே நோய் ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்கிலும் தெற்கிலும் பரவி, ஆவினத்தின் பெரும்பகுதியை அழித்து, எத்தியோப்பியா முதலிய நாடுகளில் மக்களையும் பஞ்சத்தில் ஆழ்த்தியது. உழவுமாடு இறந்தால் உழவன் கடனாளியாவான். கடனாளி ஊரை விட்டுப் போவான். தமிழகத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறியவரின் துன்பங்களைப் பட்டியலிடும்போது மழையின்மையையும் நிலவரியையும் சாதிக் கொடுமையையும் சொல்வோர், மாட்டுச் சாவையும் அவற்றோடு வைத்து எண்ண வேண்டும். சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கப்பட்டது. 1920-களில் முக்தேசர் ஆய்வுக்கூடத்தில் ஆட்டின் உடலில் வளர்த்துத் தணிக்கப்பட்ட கிருமியால் வெக்கைக்குத் தடுப்பூசி கண்டனர். இந்தியாவில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1995-ஆம் ஆண்டு; அதுவும் தமிழ்நாட்டின் வட ஆர்க்காட்டுப் பகுதியில். 2011-ஆம் ஆண்டில் உலகிலிருந்தே அது ஒழிந்ததாக ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் அறிவித்தது. மனிதரின் பெரியம்மைக்குப் பின் மாந்தர் முயற்சியால் உலகை விட்டே துரத்தப்பட்ட நோய் இதுவொன்றே.

இந்த நினைவுகளோடு வந்தவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் முதலிற் பேணியது கறவை மாட்டை விட வண்டி மாட்டையே ஆகும். கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையையும் இணைத்த இருப்புப்பாதை 1886-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னும், அதன் பின் நெடுங்காலமும், ஆறும் மாட்டுவண்டியுமே சரக்கேற்றின. செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலிருந்து நகரம் எழும்பியபோது செங்கல்லையும் மரத்தையும் இழுத்தவை எருதுகளே. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதி கால்நடை வாணிகத்தின் நடுவமாக இருந்ததைப் பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்னும் பெயர்கள் இன்றும் காட்டுகின்றன. நுகத்தடிப் புண்ணுக்கு மருந்திடுதல், லாடம் அடித்தல், ஏற்றத்தில் மூச்சிரைத்த எருதை நிழலில் நிறுத்தி ஆற்றுதல் ஆகிய தொழில்நுட்பங்கள் அந்நாளில் நகரத்தின் போக்குவரத்தையே தாங்கின. லோரி வந்ததும் எருது போயிற்று. பசு மட்டும் தோட்டத்து லயங்களில் தங்கிற்று.

லயத்துப் பசுவின் ஒருநாளைச் சற்று நின்று நோக்குவது பயனுடையது. பால்வெட்டு நண்பகலை ஒட்டி முடியும். அதன்பின் ஆணுக்கும் பெண்ணுக்கும் இரண்டாம் வேலை தொடங்கும். அரிவாளும் கோணிச்சாக்கும் எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைகளிலும் வடிகால் ஓரங்களிலும் புல்லறுப்பர்; இதிற் பெரும்பங்கு பெண்களுடையதும் பிள்ளைகளுடையதும் ஆகும். சேலத்திலும் திருச்சியிலும் புல்லில்லாமை மாட்டின் துன்பம். இங்கோ ஆண்டு முழுதும் புல் உண்டு, ஆனால் அது நனைந்த புல். தாயகத்தில் கற்ற அறிவை அவர்கள் அப்படியே பயன்படுத்த முடியவில்லை, மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பனி உலராத விடியற்காலைப் புல்லை மாட்டுக்குப் போடலாகாது என்பது தோட்டத்து வழக்கம். காரணம் கேட்டால் ‘வயிறு ஊதும்’ என்பர். குடற்புழுக்களின் இளம்புழுக்கள் ஈரத்தில் புல்நுனிவரை ஏறி, வெயில் ஏறியதும் கீழிறங்குகின்றன என்று ஒட்டுண்ணி நூல்கள் கூறுகின்றன. காரணம் முழுதும் பொருந்தாவிடினும் காப்பு பொருந்தியது.

கொட்டிலுக்கு அத்தாப்புக் கூரை. தரை மேடாக்கப்பட்டுப் பலகையோ கல்லோ பதிக்கப்பட்டிருக்கும். இந்நாட்டு மழையில் சேற்றில் நிற்கும் மாட்டுக்குக் குளம்பு அழுகும் என்பதை ஓராண்டுப் பட்டறிவே கற்பித்துவிடும். பொழுது சாய்ந்ததும் காய்ந்த சருகின்மேல் பச்சிலையைப் போட்டு மூட்டம் போடுவர். அப்புகை கொசுவையும் மாட்டு ஈயையும் துரத்தியது. குருதி குடிக்கும் ஈக்கள் வழியே பரவும் சர்ரா நோய் மலாயாவில் குதிரைக்கும் மாட்டுக்கும் பெருந்தொல்லையாக இருந்ததை எண்ணினால், லயங்களுக்குப் பின்னால் மாலைதோறும் எழுந்த அப்புகையின் மதிப்பு விளங்கும். புல்லோடு தவிடும் கழுநீரும் கொடுப்பர். எள்ளுப் புண்ணாக்கு எட்டாத இடத்தில் தேங்காய்ப் புண்ணாக்கு அதன் இடத்தைப் பெற்றது. சாணம் காய்கறிப் பாத்திக்குச் சென்றது.

கன்று ஈனும் இரவில் பெண்கள் விழித்திருப்பர். பிறந்த கன்று எழுந்து நின்றவுடன் சீம்பாலை ஊட்டச் செய்வதே முதற்கடமை. அதன்பின்தான் அண்டை வீட்டாருக்குச் சீம்பால் பகிர்வு. தாயிடமிருந்து கன்றுக்கு நோயெதிர்ப்புப் பொருள்கள் சீம்பால் வழியே மட்டும் செல்கின்றன என்பதும், பிறந்த சில மணி நேரத்துக்குப் பின் கன்றின் குடல் அவற்றை உட்கொள்ளும் ஆற்றலை இழக்கிறது என்பதும் இன்றைய அறிவியல். கறக்கும்போது ஒரு காம்பைக் கன்றுக்கென விட்டுவிடும் பழக்கமும் இருந்தது. நான்கு காம்பையும் ஒட்டக் கறந்து, கன்றை எலும்பாக விட்டவரை லயமே பழித்தது. ஊராரின் பழிச்சொல் அங்கே கால்நடைத்துறை அலுவலரின் பணியைச் செய்தது.

மருத்துவமுறைகள் யாவும் சிறந்தவை என்று கூறுவது உண்மையாகாது. வீக்கத்துக்கும் வாதத்துக்கும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடும் வழக்கம் கொடுமையானது. பல மாடுகளுக்கு அது புதுப்புண்ணையே தந்தது. மூங்கிற் குழாயால் மருந்தை விரைந்து புகட்டுகையில் அது நுரையீரலுக்குள் இறங்கி மாடு இறந்ததும் உண்டு. ஆயின் வேப்பெண்ணெயும் மஞ்சளும் புண்ணிற் புழு வைக்காது காத்தன. மடிவீக்கத்துக்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்து மடியிற் பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் மரபறிவிலிருந்து எடுத்துப் பரப்பியுள்ளனர். இந்தியத் தேசியப் பால்வள வாரியமும் அதனைப் பின்பற்றுகிறது. இவ்வாறு பிரித்தறிந்து கொள்வதும் தள்ளுவதுமே முறை.

‘நீ மாடு மேய்க்கத்தான் தகுதி’ என்பது வகுப்பறையில் நெடுங்காலம் வழங்கிய வசை. தோட்டப் பள்ளியில் அவ்வசையைக் கேட்ட சிறுவன், சினைமாட்டின் நாளையும் புல்லின் நச்சையும் மேகத்தின் போக்கையும் அறிந்தவனாக இருந்தான். அவ்வறிவுக்குப் பாடத்திட்டத்தில் மதிப்பெண் இல்லை, அவ்வளவே.

புல்லின் நச்சு என்றது வெறும் அணியன்று. ரப்பர்த் தோட்டங்களில் லாலான் புல்லையும் களையையும் அழிக்கச் சோடியம் ஆர்சனைட்டு என்னும் பாடாண நஞ்சு பல்லாண்டுக் காலம் தெளிக்கப்பட்டது. உப்புச் சுவையுடைய அந்நஞ்சு பட்ட புல்லை மாடுகள் நாடித் தின்னும் என்பதுதான் அதிற் கொடுமை. தின்ற மாட்டுக்கு வயிற்றுவலியும் குருதிக் கழிச்சலும் கண்டு, ஓரிரு நாளில் உயிர் போகும். மலாயாவில் கால்நடைகளுக்கு நேர்ந்த நஞ்சேற்றங்களில் இது பெயர்பெற்ற ஒன்று. தெளிப்பவன் தொழிலாளி, கட்டளையிடுபவர் துரை, சாவது தொழிலாளியின் பசு. ஆகவே எந்த நிரையில் எந்நாளில் மருந்தடித்தார்கள் என்னும் செய்தி லயத்துக்கு லயம் வாய்வழியே பரவியது. அவ்வளவில் அது ஒரு கால்நடைக் காப்பு முறையாகவே இயங்கியது. மருந்தடித்த பகுதிக்குள் மாடு புகுந்தால் மாடும் இழப்பு, உரியவனுக்குத் தண்டமும் உண்டு. மரவள்ளி இலையும் இத்தகைய இடரே. அதிலுள்ள சயனைடு நஞ்சு பசித்த ஆட்டை மிகக் குறுகிய நேரத்தில் கொல்லும் என்பதால், சப்பானியர் ஆட்சிக் காலத்தில் மனிதரைக் காத்த அச்செடிக்கு வேலி போட்டே வைத்தனர்.

இனி, இவ்வரலாற்றின் நடுவிடத்துக்கு வரலாம். பசு வாழ நிலம் வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு நிலம் இல்லை. கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம், குடும்பமுடைய தொழிலாளி ஒவ்வொருவருக்கும் காய்கறி பயிரிடவோ மேய்ச்சலுக்கோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைத் தோட்ட நிருவாகம் ஒதுக்க வேண்டுமென்று விதித்தது. சட்டநூலில் இதனைப் படிப்போர் நல்லேற்பாடு என்றே எண்ணுவர். கணக்கிட்டுப் பார்ப்பின் நிலைமை வேறு. ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கென்பது ஏறத்தாழ 2,720 சதுர அடி. 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நாளொன்றுக்கு 30 கிலோ பசும்புல் வேண்டும். அந்நிலம் முழுவதிலும் நேப்பியர்ப் புல்லை உரமிட்டு வளர்த்தாலும் ஒரு பசுவுக்கு ஆண்டு முழுதும் தீனி கிடைத்தல் அரிது. அந்நிலத்திலேயே கத்தரியும் வெண்டையும் விளைய வேண்டுமெனில் சொல்லவே வேண்டா.

ஆகவே லயத்துப் பசு சட்டம் தந்த நிலத்தில் வாழவில்லை; துரை கண்டும் காணாமல் விட்ட வாய்க்கால் கரையில் வாழ்ந்தது. அப்பசுவின் நலம் முழுவதும் புல்லறுத்த கைகளின் உழைப்பில் நின்றது. 1920-களின் இறுதியில் வசதியான வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக இருந்து, 1930-களின் தொடக்கத்து உலகப் பொருளியல் மந்தத்தில் அதுவும் குறைக்கப்பட்டபோது, பாலும் கன்றும் பெற்றுத்தந்த சில வெள்ளிகளே பல குடும்பங்களுக்குச் சேமிப்பாக இருந்தன. மகளின் திருமணத்துக்கு மாட்டை விற்றனர். கப்பற்கட்டணத்துக்கும் மாட்டை விற்றனர். வங்கி தோட்டத்துக்கு வராத காலத்தில் கொட்டிலே வங்கியாயிற்று. ஆனால் அவ்வங்கி மற்றவர் நிலத்தில் நின்றது.

அரசின் கால்நடைத்துறை தன் பங்கைச் செய்யவில்லை என்று கூறுவதும் நேர்மையன்று. 1948-இல் ஈப்போவில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. தொண்டை அடைப்பான் முதலிய நோய்களுக்குத் தடுப்பூசி மருந்து அங்கு உருவாக்கப்பட்டது. 1953-ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் நோய் கண்டால் அறிவிப்பதையும், நோயுற்ற விலங்கைத் தனிமைப்படுத்துவதையும் கட்டாயமாக்கியது. 1970-களின் தொடக்கத்தில் செர்டாங் வேளாண் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் புலம் தோன்றியது. அதே பத்தாண்டில் ஊர்ப்புறங்களில் பால் சேகரிப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. சாகிவால்–பிரீசியன் கலப்பினப் பசுக்கள் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் கப்பலில் வந்தன. இப்பசு நாட்டுப் பசுவை விட இரண்டு மூன்று மடங்கு கறக்கும். ஆனால் வெயிலில் மூச்சிரைக்கும். உண்ணிக் காய்ச்சலுக்கும் மடிநோய்க்கும் எளிதில் இரையாகும். நல்ல தீனி இல்லையேல் சினை பிடிக்காது. நிலமும் முதலும் உடையவர் அதனால் முன்னேறினர். வாய்க்கால் கரைப் புல்லை நம்பியவருக்கு அது பெருஞ்சுமை. புதிய இனத்தின் காளைவித்து எங்கும் பரவப் பரவ, தொழிலாளர் உருவாக்கிய பழைய இனம் கலப்பிற் கரைந்து குறைந்தது.

விலங்கின் நோயைப் பிழையாக அறிந்தால் நேரும் கேட்டை 1998–99-ஆம் ஆண்டுகள் இந்நாட்டுக்குக் காட்டின. பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளில் தோன்றிய நோய் முதலில் கொசுவால் பரவும் மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. கொசு மருந்து அடித்துக்கொண்டிருக்கையில் சாவு நீண்டது. கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் தனியே பிரித்தெடுத்த புதிய கிருமி, சுங்கை நிப்பா என்னும் ஊர்ப்பெயரால் நிப்பா எனப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட மக்கள் இறந்தனர்; பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. இறந்தோருள் பண்ணைகளில் வேலை செய்த இந்தியரும் இருந்தனர்.

அப்பல்கலைக்கழகத்திலிருந்து சிறிது தொலைவில், பழைய கிள்ளான் சாலையை ஒட்டி அமைந்துள்ளது கம்போங் மேடான். இப்பெயரைக் கேட்டவுடன் 2001 மார்ச்சில் ஆறு உயிர்களைப் பறித்த வன்செயலே பலர் நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்னும் அப்பகுதிக்கு ஒரு வரலாறு உண்டு. பெட்டாலிங் ஜெயா நகரம் 1950-களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டத்தின் 1,200 ஏக்கர் நிலத்தில் எழுந்தது. அதனைச் சூழ்ந்திருந்த தோட்டங்களும் ஒவ்வொன்றாகத் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புகளாகவும் மாறின. தோட்டப் பெயர்கள் பள்ளிப் பெயர்களாக மட்டும் எஞ்சின. சீபோர்ட் தமிழ்ப்பள்ளி, எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி, கின்றாரா தமிழ்ப்பள்ளி என இன்று வழங்கும் பெயர்கள் எல்லாம் அங்கு ஒருகாலத்தில் லயமும் கொட்டிலும் இருந்ததைச் சொல்லும் கல்வெட்டுகள். நாடு முழுவதும் 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, தொழிலாளரே தோட்டத்தை வாங்கும் வகையில் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அது காத்த நிலம் பெரிது. ஆயினும் நகரத்தை ஒட்டிய தோட்டங்களின் விலை தொழிலாளரின் தவணைப் பணத்துக்கு எட்டும் விலையாக இருக்கவில்லை.

வேலை இழந்தவர் லயத்தையும் இழந்தனர். கம்போங் மேடான், கம்போங் லிண்டுங்கான், கம்போங் காந்தி, கம்போங் டத்தோ ஹருண் முதலிய குடியிருப்புகளில் மலாய்க்காரரும் இந்தியரும் அருகருகே பலகை வீடுகளைக் கட்டிக் குடியேறினர். தோட்டத்தை விட்டு இத்தகைய புறம்போக்குக் குடியிருப்புகளுக்கு வந்தோரில் தம் ஆட்டையும் மாட்டையும் உடன் ஓட்டி வந்தவர் உண்டு. பேணும் அறிவு அவர்களிடம் குறையாமல் இருந்தது. பேணுவதற்கான சூழல்தான் இல்லை. வாய்க்கால் கரையின் இடத்தில் நெடுஞ்சாலை ஓரம். சாணத்துக்குப் பாத்தியில்லை, அது அண்டை வீட்டாரோடு பூசலுக்குக் காரணமாயிற்று. உண்ணியும் புழுவும் அறிந்தவர்களுக்கு நெகிழிப்பை புதிய பகை. குப்பையிற் கிடந்த உணவோடு மாடு விழுங்கிய நெகிழி முதல்வயிற்றிற் பந்தாகத் திரண்டு, தீனி உண்டும் மெலியச் செய்யும். அதற்கு வாகட ஏட்டிலும் மருந்தில்லை. கம்பியும் ஆணியும் விழுங்கிய மாட்டின் நெஞ்சுப்பையை அவை துளைக்கும். இரவிற் சாலையில் படுத்த மாட்டை லோரி மோதும். நகராண்மைக் கழகங்கள் 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின்கீழ் உரிமமின்றி மாடு வைப்பதைத் தடுத்தன. திரியும் மாடுகளைப் பிடித்துப் பவுண்டில் அடைத்தன. நகரச் சுகாதாரத்தின் நோக்கில் இதனைக் குறைகூற இயலாது. மாற்று இடம் தராமல் தண்டம் மட்டும் விதித்தது குறையே.

பின்னர் வந்தவை நீள்வீடுகள். அவற்றுக்குப்பின் தேசா மெந்தாரி போன்ற அடுக்குமாடிகள். நான்காம் மாடிக்குப் பசு ஏறாது. மாட்டை விற்ற பணம் மின்கட்டண முன்பணமாயிற்று. 2004-இல் பந்தாய் நெடுஞ்சாலை அப்பகுதியின் ஊடே திறக்கப்பட்டபோது, புல்லறுக்கும் அரிவாளுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

பினாங்கின் கம்போங் புவா பாலாவும் இதே நிலையை அடைந்தது. பிரவுன் குடும்பத்தாரின் தோட்டத்தில் உழைத்தவர் வழிவந்த தமிழர், நகரின் நடுவே மாடும் ஆடும் வளர்த்து வாழ்ந்த அச்சிற்றூர், 2009 செப்டம்பரில் இடித்துத் தள்ளப்பட்டது. செம்பனைத் தோட்டங்களிலோ வேறொரு விந்தை நிகழ்ந்தது. இளங்கன்றுகளை மிதிக்கும், மண்ணை இறுக்கும் என்று சொல்லித் தொழிலாளரின் மாடுகளை வெளியேற்றிய நிருவாகங்கள் பல. அரசும் ஆராய்ச்சி நிறுவனங்களும் அதே செம்பனையின் கீழ் மாடு வளர்ப்பதை ஒருங்கிணைந்த வேளாண்மை என்று ஊக்குவித்தன. முறையாக மேயவிட்டால் களைக்கொல்லிச் செலவு குறையும் என்று ஆய்வுகள் காட்டின. மின்வேலி, மேய்ச்சற் சுழற்சி, தடுப்பூசி அட்டவணை எல்லாம் அத்திட்டத்தில் உண்டு. மாடு தொழிலாளியுடையதாக இருந்தவரை அது தொல்லை. கம்பெனியுடையதானபின் அது திட்டம்.

2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், விலங்கை வைத்திருப்போர் அதற்கு உணவும் உறைவிடமும் மருத்துவமும் தரக் கடமைப்பட்டவர் என்று விதித்தது. அக்கடமையைச் சட்டமின்றியே செய்தவர்களில் சிலர் கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரங்களின் ஒதுக்குப்புறங்களில் இன்னும் கறக்கிறார்கள். பொங்கலன்று கறந்த சூட்டோடு பால் வேண்டுவோர் அவர்களைத் தேடிச் செல்வதுண்டு. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் ஏறும் பால்குடங்களுக்கு அப்பால் போதாது. பேரங்காடியிற் பெட்டிப்பாலை வாங்கி, மூலையைக் கத்தரித்துக் குடத்தில் ஊற்றிக்கொள்வது இயல்பாகிவிட்டது.